மணலும் உப்பும் சேறும்: வாவிக்கரை விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் விஞ்ஞானம் கற்பித்துவரும் ஆசிரியப் பெருந்தகையீர்,

ஏறாவூருக்கு அயலிலே தொடங்கித் தெற்கே கல்முனையை அணுகும்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நமது வாவியைச் சூழ எத்தனை பாடசாலைகள் உள்ளனவோ, அத்தனை பாடசாலைகளிலும் ஆண்டுதோறும் சூழற்றொகுதி என்னும் பாடம் நடைபெறுகின்றது. கரும்பலகையின் நடுவே நேர்கோடு ஒன்று கீறப்பட்டு, அதன் இடப்புறத்தில் மீன், இறால், நண்டு, கொக்கு, கண்டல் எனச் சேதனப் பொருள்களும், வலப்புறத்தில் நீர், மண், காற்று, ஒளி, வெப்பம் என அசேதனப் பொருள்களும் நிரல்படுத்தப்பெற, மாணாக்கர் அவற்றைக் கொப்பியிற் பிரதி செய்துகொண்டு, பரீட்சைக்கு வேண்டிய புள்ளிகளுக்கு உரியவராகின்றனர். இப்பாகுபாட்டின்மீது எனக்குப் பகைமை யாதும் இல்லை; பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு ஏதேனும் ஒரு கோடு வேண்டியதே. ஆயினும் அக்கோடு கீறப்பட்டபின் வலப்புறத்து நிரல் மெல்ல மெல்ல மறக்கப்பட்டுவிடுகின்றது. கூத்தருக்குக் களரி அமைந்ததுபோல உயிர்களுக்கு நீரும் மண்ணும் வாய்த்திருக்கின்றன, ஆடுவோர் ஆடக் களரி வாளா கிடக்கும் என்னும் எண்ணமே பிள்ளைகளின் உள்ளத்தில் தங்குகின்றது. நமது வாவியிலோ களரியே ஆடுகின்றது. சில வேளைகளில் ஆட்டக்காரரைத் தூக்கி எறிந்தும் விடுகின்றது. இதனைத் தங்களுக்கு நினைவூட்டவும், தங்களிடம் ஒரு காரியத்தை வேண்டிக்கொள்ளவும், ஆசிரியத் தொழிலில் முதுமை கண்ட வாவிக்கரைவாசி ஒருவன் இம்மடலை வரைகின்றேன்.

உயிரையும் உயிரற்றதையும் ஒருங்கே வைத்து நோக்குதல் நமக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, மா, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்துவைத்தார். விலங்கும் மரமும் பறவையும் நிலத்தையும் பருவத்தையும் அடுத்தே அவரது வரிசையில் இடம்பெறுகின்றன. மேலைநாட்டிலே 1935ஆம் ஆண்டில் ஆதர் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் சூழற்றொகுதி என்னும் கருத்துக்கு விஞ்ஞான உலகிலே பெயரிட்டு அறிமுகஞ் செய்தபோது வற்புறுத்திய விஷயமும் ஏறத்தாழ இதுவே: உயிரினங்களை அவற்றின் பௌதிகச் சூழலினின்றும் பிரித்தெடுத்து விளங்கிக்கொள்ளுதல் இயலாது, இரண்டும் சேர்ந்து இயங்கும் தொகுதியே இயற்கையின் உண்மையான அலகு என்பது அவர் கொள்கை. பிரிக்கலாகாது என்று சொல்ல எழுந்த கொள்கை, பிரித்துக் காட்டும் அட்டவணையாக நமது வகுப்பறையை வந்தடைந்தமை வியப்பிற்குரியது. படுவான்கரையின் வயலாகிய மருதத்துக்கும் எழுவான்கரையின் கடலோரமாகிய நெய்தலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு நீர்நிலையின் கரையில் அப்பாடத்தைக் கற்பிக்கும் பேறு பெற்ற நாம், புத்தகத்துப் படத்திலுள்ள குளத்தையே காட்டிக்கொண்டிருத்தல் தகுமோ?

முதலிலே மணலை எடுத்துக்கொள்வோம். பாலமீன்மடுவிலே 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீட்டுக்கு அணித்தாக வாவி கடலொடு கலக்கும் முகத்துவாரம் அமைந்திருக்கின்றது. தெற்கே கல்லாற்றில் இன்னொரு வாய் உண்டு. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத்தானும் எட்டுவதில்லையாதலின், வேறு சில நாடுகளிற் போல நாளுக்கு இருமுறை பெருக்குநீர் புகுந்து வாயைத் துலக்கிவிட்டுச் செல்லும் வழக்கம் இங்கில்லை. மழை ஓய்ந்து, முந்தானை ஆறு முதலிய ஆறுகளின் வரத்துக் குன்றி, உள்ளிருந்து வெளியே தள்ளும் நீரின் வலிமை குறைந்த மாதங்களில், கரையோர நீரோட்டமும் அலையும் கொண்டுவந்து சொரியும் மணல் வாயின் குறுக்கே திட்டாகப் படிந்து, ஈற்றில் அதனை அடைத்தும் விடும். மாரி பிறந்து, வெள்ளம் வந்து நிரம்பி, நீர் எழும்போது அத்திட்டு தானாக உடைவதும் உண்டு. உடையத் தாமதிப்பின் மனிதர் வெட்டுவதும் உண்டு. முன்னாளில் மண்வெட்டியாலும் இந்நாளில் கனரக இயந்திரத்தாலும் சிறியதொரு வாய்க்கால் கீறிவிட்டாற் போதும். எஞ்சிய வேலையை நீரே தன் வேகத்தாற் செய்து, சிறு கீறலை ஆறாக அகலிக்கும்.

இத்திட்டை எப்போது வெட்டுவது என்னும் வினா, வாவியின் அயலில் வாழ்வோருக்கு எத்துணைப் பெரிய வினா என்பதைத் தாங்கள் அறிவீர்கள். வயலிலே நீர் தேங்கிப் பயிர் அழுகும் தறுவாயில் நிற்கும் கமக்காரருக்கு, ஒரு நாள் தாமதமும் ஒரு போகத்தின் நஷ்டம். தாழ்ந்த நிலத்திற் குடியிருப்போருக்கும் அவ்வாறே. வாவியையே நம்பித் தோணி தள்ளும் மீனவருக்கோ, உள்நீர் மட்டம் வேளைக்குமுன் விரைந்து வற்றிவிடுவதும், வேளை தவறிக் கடலுக்கு வழி மூடிக்கிடப்பதும் ஒருங்கே கேடாம். ஏனெனில் நாம் உண்ணும் இறாலின் பெரும்பகுதி கடலிலே முட்டையாகிப் பொரித்து, மயிரிழை போன்ற சிறு பருவத்தில் முகத்துவாரத்தின் வழியே உட்புகுந்து, வாவியின் ஆழமற்ற நீரிற் சில மாதங்கள் வளர்ந்து, பின்னர் கடலுக்கே மீள்வது. முட்டை சுமந்த பெட்டை நண்டும் கடலை நோக்கிச் செல்லும். விலாங்கு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை உள்நீரிற் கழித்துவிட்டு இனம்பெருக்குதற்குக் கடலைத் தேடும். ஆகவே மணல் திட்டு எந்த மாதத்தில் எழுகின்றது, எந்த வாரத்தில் உடைகின்றது, எத்தனை நாள் திறந்து நிற்கின்றது என்பவற்றைப் பொறுத்தே அடுத்த பருவத்திற் கூடையில் விழும் இறாலின் தொகை அமையும். உயிரற்றது என்று வலப்புறத்தில் ஒதுக்கப்பட்ட மணலே ஈண்டு எவர் வரலாம், எவர் போகலாம் என விதிக்கின்றது. மாவட்டத்து அதிகாரிகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்காரர், மீனவர் என்னும் இருசாராரின் குரலையும் கேட்டே தீர்மானிக்க வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. இவ்வழக்கைவிடச் சிறந்த சூழலியல் பாடம் எந்நூலிலும் இல்லை என்பது என் துணிபு. அதனை வகுப்பிலே பேசும் ஆசிரியர் மிகச் சிலரே என்பது என் மனக்குறை.

உப்பின் கதையும் இதனோடு பிணைந்தது. கடல்நீர் ஓர் இலீற்றரை வற்றக் காய்ச்சினால் ஏறக்குறைய 35 கிராம் உப்பு எஞ்சும். முகத்துவாரத்தை அடுத்துக் கோடையில் எடுக்கும் நீர் அவ்வளவுக்கு அணித்தாக வரும். தெற்கே செல்லச் செல்லவும், ஆறுகள் வந்து விழும் ஓரங்களை நாடிச் செல்லவும் அளவு குறைந்துகொண்டே போகும். மார்கழி வெள்ளத்திலோ கல்லடிப் பாலத்தின் கீழேயே நன்னீர் ஓடக் காணலாம். கச்சான்காற்று வறட்சியோடு வீசும் மாதங்களில் ஆழமற்ற இவ்வாவியின் மேற்பரப்பினின்றும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பின்தங்கிச் செறிவெய்தும். இவ்வாறு ஒரே நீர்நிலையிற் பன்னிரு மாதத்துள் நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி ஆட்சி செய்ய, அவ்வாட்சிக்கு ஏற்பக் கொடுவாயும் திரளியும் பாலைமீனும் தத்தம் இருப்பிடங்களை மாற்றிக்கொள்கின்றன. உயிர்கள் இடம் மாறுதலைப் பிள்ளைகள் காண்கின்றனர்; அவற்றை இடம் மாற்றும் உப்பைக் காண்பதில்லை, கண்ணுக்குத் தோன்றாமையால்.

ஆகாயத்தாமரை என்னும் தென்னமெரிக்க நீர்ப்பூண்டு அழகுச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுச் சில ஆண்டுகளுள் நீர்நிலைகளை மூடத் தலைப்படவே, 1909ஆம் ஆண்டில் அதனை ஒழிப்பதற்கென்றே தனிச்சட்டம் ஒன்றை ஆங்கிலேய அரசாங்கம் இயற்ற நேர்ந்தது. சட்டம் இயற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் நாட்டின் நன்னீர்க் குளங்களில் அப்பூண்டு செழித்தே வாழ்கின்றது. வாவியின் உவர்நீரிலோ, சட்டத்தின் துணை யாதுமின்றி, உப்பு அதனைக் கருக்கிவிடுகின்றது. நன்னீர் தங்கும் ஒதுக்குப்புறங்களிலேதான் அது படர்கின்றது. எனவே முகத்துவாரம் நெடுங்காலம் அடைபட்டு, கடல்நீர் உட்புகாது, வாவி முழுவதும் நன்னீராகவே நிலைத்துவிடுமாயின் நமக்கு நேரக்கூடியது யாதென ஊகித்தல் அரிதன்று. மறுபுறத்தில், 1949ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் பெயரால் இங்கினியாகலையில் அணை எழுந்தபின், பட்டிப்பளை ஆறாகிய கல்லோயாவின் வெள்ளம் தன் விருப்பம்போல வருவதை நிறுத்திக்கொண்டு, வாய்க்கால் வழியே கணக்கிட்டு வரலாயிற்று. வயல்களிற் பாய்ந்து கழிந்த நீர் வாவியின் தென்பாகத்தை நாடி வரும் புதிய ஒழுங்கும் தோன்றிற்று. மழை பெய்தபோது மாத்திரம் வந்த நன்னீர், மதகு திறந்தபோதும் வரத் தொடங்கியது. நெல் விளைவிக்க எழுந்த அவ்வணையை நான் பழிக்கவில்லை. உள்நாட்டு மலையடியில் ஒரு மதகைத் திறப்பது வாவியிலுள்ள உப்பின் கணக்கை மாற்றும், உப்பின் கணக்கு மாறினால் வலையில் விழுவதும் மாறும் என்னும் சங்கிலியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தொடர்ந்து சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே என் அவா.

மூன்றாவது சேறு. சேற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றேன். ஏனெனில் கரும்பலகைக் கோடு முற்றாக அழிந்துபோவது சேற்றிலேதான். கண்டற் காட்டின் அடியிலே காலை வைத்தால் முழங்கால்வரை புதையும் அக்கருஞ்சேறு, கூழ்முட்டை நாற்றம் வீசுவதை உணர்ந்து மூக்கைப் பொத்தாதார் இலர். ஆறு கொணர்ந்த களியும் வண்டலும், கண்டலிலிருந்தும் தில்லையிலிருந்தும் உதிர்ந்த இலைகளும், இறந்த பிராணிகளின் எச்சமும், கணக்கிறந்த பற்றீரியாக்களும் சேர்ந்த கலவை அது. ஒட்சிசன் உட்புகாத அவ்விருளிலே, கடல்நீரில் உள்ள சல்பேற்றைக் கொண்டே சுவாசிக்கும் பற்றீரியாக்கள் வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டு வாயுவே அந்நாற்றத்துக்குக் காரணம். இரும்போடு அது கூடியமையாற் சேறு கருமை எய்திற்று. இவ்வாறு மூச்சற்ற நிலத்தில் வேர் வாழ்தல் அரிதாதலினாலன்றோ, கண்டல் தன் வேர்களைத் தண்டினின்றும் வளைவாக இறக்கி நீருக்கு மேலே நிறுத்தியும், கிண்ணை முதலியன வேர்முனைகளைச் சேற்றுக்கு மேலே நிமிர்த்தியும் காற்றை நாடுகின்றன. மரத்தின் உருவத்தைச் சேறு வடித்திருக்கின்றது. அம்மரமோ தன் வேர்வலையில் வண்டலைத் தடுத்து மேலும் சேற்றைச் சேர்த்துவைக்கின்றது. இரண்டில் எது முந்தியது என்று கேட்பதிற் பயனில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலே சிறியதோர் ஏரியின் அடிச்சேற்றை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன் என்னும் இளைஞர், 27 வயது நிரம்புமுன்னரே 1942ஆம் ஆண்டில் இவ்வுலகை நீத்தார். அவர் மறைந்த சில மாதங்களின்பின் வெளிவந்த அவரது கட்டுரை சூழலியலின் போக்கையே திருப்பிற்று. உணவுச் சங்கிலியிற் சக்தி படிப்படியாகக் கடத்தப்படும் முறையை அது விளக்கியது என்பதைத் தாங்கள் கற்பிக்கின்றீர்கள். அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு சேறு என்பதோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அடிச்சேற்றில் இறந்த பொருள் ஓயாது உயிர்ப்பொருளாகவும், உயிர்ப்பொருள் மீண்டும் இறந்த பொருளாகவும் மாறிக்கொண்டிருப்பதைக் கண்ட அவர், உயிர்ச்சமூகம் இது, உயிரற்ற சூழல் இது என்று அங்கே எல்லைக்கல் நாட்டுதல் இயலாதெனத் துணிந்து, டான்ஸ்லியின் சூழற்றொகுதிக் கொள்கையே தமக்குப் பொருந்துவதெனக் கைக்கொண்டார்.

சேற்றை மறந்தோர் அடைந்த பயனையும் நம் நாட்டிலேயே காணலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நாட்டுதல் ஒரு தர்ம காரியமாகவே நாடெங்கும் பரவிற்று. கரையோரங்களிற் பதாகை கட்டப்பட்டது, பிள்ளைகள் வரிசையில் நின்று கன்று ஊன்றினர், புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அவ்வாறு கண்டல் நாட்டப்பட்ட 23 இடங்களை இலங்கையிற் சென்று பார்த்ததில், 9 இடங்களில் ஒரு கன்றேனும் உயிரோடு இல்லை என்றும், 1000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கிலேயே நடுகை பயன் தந்தது என்றும் காட்டியது. நாட்டியோரின் நல்லெண்ணத்திலோ உழைப்பிலோ குறை கூறுதற்கில்லை. நீர் எத்தனை நாள் நிற்கும் இடம், எவ்வளவு உயரத்தில் உள்ள நிலம், எத்துணை உப்பு ஏறும் மண் என்பவற்றை ஆராயாது, மரத்தின்மேல் வைத்த அன்பு ஒன்றையே துணையாகக்கொண்டு நாட்டியமையே முதன்மையான காரணம். இடப்புறத்து நிரலை மாத்திரம் மனனம் செய்த ஒரு தலைமுறை வளர்ந்து அதிகாரிகளாகவும் தொண்டர்களாகவும் ஆனால் வேறெவ்வாறு நிகழும்? யுத்த காலத்திற் பாதுகாப்பின் பேரால் நமது கரையிலே வெட்டப்பட்ட கண்டல்களுக்கு ஈடுசெய்ய எண்ணுவோர், கன்றைத் தேடுமுன் தரையை அளத்தல் வேண்டும்.

உயிர்களும் உயிரற்றவற்றை ஆக்குகின்றன. மட்டியும் ஊரியும் நீரிற் கரைந்த கல்சியத்தை உறிஞ்சி ஓடாக்குகின்றன. உடையவன் இறந்தபின் அவ்வோட்டுக்குள் முனிவன் நண்டு குடிபுகும், எஞ்சியன மணலோடு மணலாகும். எனவே வாவிக்கரை மணலை ஒரு பிடி அள்ளி உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்தால், முன்னொருநாள் உயிரோடிருந்தவை எத்தனை அதிற் கிடக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாமே எண்ணிச் சொல்வார்கள். ஊரியைப் பற்றிப் பேசவே பாடுமீன் நினைவுக்கு வருகின்றது. பாடுமீனைப் பற்றி எழுதாமல் மட்டக்களப்பைப் பற்றி எழுதலாகாது என்றொரு விதி இருப்பதுபோற் பலரும் எழுதிவிட்டனர். நான் இரண்டொரு வாக்கியத்தோடு அமைகின்றேன். வாவி நீரினின்றும் எழுவதாகச் சொல்லப்படும் அவ்விசையை விபுலாநந்த அடிகள் யாழ் நூலிலே நீரரமகளிரின் இசையாகவே போற்றினார். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்து தோணியிலிருந்து அதனைச் செவிமடுத்த எமர்சன் தெனன்ற் என்பாரிடம் நமது மீனவர் சுட்டிக்காட்டியதோ ஊரியை, மீனை அன்று. இலங்கை வானொலியில் அதன் ஒலிப்பதிவு ஒலிபரப்பப்பட்டதையும் முதியோர் நினைவுகூர்வர். பாடுவது மீனோ ஊரியோ, அவ்வொலியைக் கேட்போர் செவிக்குக் கொணர்ந்தது நீர் என்பதில் ஐயமில்லை.

இனி வெப்பத்தையும் ஒட்சிசனையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 20 பாகை வெப்பமுள்ள நன்னீர் ஓர் இலீற்றரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும்; 30 பாகையில் ஏழரை மில்லிகிராமளவே தாங்கும்; உப்பு ஏறினால் இன்னும் குறையும். வயல்களிலிருந்து கழிந்துவரும் நைதரசனும் பொசுபரசும் அல்காக்களைப் பெருக்க, பகலில் ஒட்சிசனை உண்டாக்கும் அதே அல்காக்கள் இரவில் அதனை உண்டுவிடும். காற்று வீசாத வெக்கையான இரவொன்றின் விடியற்காலையில், வாவியின் ஒதுக்கான மூலைகளில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதும், செத்து மிதப்பதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே. யாரோ நஞ்சு கலந்துவிட்டார் என்று உடனே வதந்தி எழும். சில வேளை அது மெய்யாயிருக்கலாம். பல வேளை காற்று வீசாமையே போதிய காரணமாயிருக்கும்.

கரையிலே தாழ்ந்த சதுப்பு நிலத்தைக் கண்டவர், பயனற்ற பாழ்நிலம் எனக்கொண்டு, குப்பையும் கிறவலும் கொட்டி மேடாக்கிக் காணியாக்குகின்றனர். மரத்தை வெட்டினால் அயலவர் கேள்வி கேட்பர். சேற்றை மூடினால் எவரும் கேட்பதில்லை, சேற்றுக்குப் பெயர் அட்டவணையின் வலப்புறத்தில் இருக்கின்றமையால். இதுபற்றிச் சட்டமும் நிர்வாகமும் செய்யவேண்டியன பல உள; அவற்றை உரியவரிடம் உரியவர் கேட்கட்டும். தங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம்.

வாவிக்கரைப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு தொடங்குக. மாதம் ஒருமுறை, குறித்த ஓரிடத்தில், மாணாக்கர் நால்வர் சென்று, நீரின் வெப்பத்தையும், கரையில் நாட்டிய கோலொன்றில் நீர்மட்டத்தையும் அளந்து எழுதுக. இத்தாலிய நாட்டுப் பாதிரியாரும் வானியலறிஞருமாகிய அஞ்சலோ செக்கி 1865ஆம் ஆண்டிற் கடலின் தெளிவை அளக்கக் கையாண்ட வெள்ளைத் தட்டைப் போன்றதொன்றைக் கயிற்றிலே கட்டித் தோணியிலிருந்து இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்குக. தகரப் பேணியின் மூடியொன்றை வட்டமாக வெட்டி வெள்ளைப் பூச்சுப் பூசினாலும் போதும். ஓர் இலீற்றர் நீரைக் கொணர்ந்து, வடிகட்டி, ஆய்கூடத்தில் வற்றக் காய்ச்சி, எஞ்சிய உப்பை நிறுத்து எழுதுக. முகத்துவாரம் திறந்துள்ளதோ அடைபட்டுள்ளதோ என்பதைப் பாலமீன்மடுப் பிள்ளைகள் ஏனையோருக்கு அறிவித்தல் எளிது. அதே பக்கத்தில், அன்றைக்குச் சந்தைக்கு வந்த வாவி மீன் யாவை, அத்தாங்கில் கூனி விழுந்ததோ என்பவற்றை மீனவரிடம் கேட்டு எழுதுக. உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே பக்கத்தில் ஒரே கையெழுத்தில் இருத்தல் முக்கியம்.

புரட்டாதியில், மாரிக்கு முன்னரே தொடங்கினால் வாய் அடைபட்ட வாவியையும் வாய் வெட்டப்பட்ட வாவியையும் அவ்வாண்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஆண்டிறுதியில் எழுவான்கரைப் பாடசாலையொன்று படுவான்கரைப் பாடசாலையொன்றோடு பதிவேட்டை மாற்றிக்கொள்ளட்டும். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, ‘பாதை’ என்னும் மிதவையிலே வாவியை நாடோறும் கடந்து செல்லும் ஆசிரியர்கள் இருக்க, இதற்குத் தபாற்செலவும் வேண்டியதில்லை. உப்பை நிறுக்கச் சந்தைத் தராசு உதவாது. ஆய்கூடத் தராசு இல்லாத பாடசாலைகள், உலர்ந்த உப்பைக் கடதாசியில் மடித்துத் திகதியும் இடமும் எழுதி, தராசு உள்ள அயற்பாடசாலைக்கு அனுப்பிவைக்கலாம். ஈரம் படாதபடி போத்தலில் இட்டு மூடி அனுப்புதல் நன்று.

தங்கள் அன்புள்ள,
வாவிக்கரைவாசி ஒருவன்